நள்ளிரவில் வெயில், நண்பகலில் நட்சத்திரம்... தெரியுமா உங்களுக்கு?

"துருவத்தில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு." பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். ஆனால் அந்த ஒற்றை வரிக்குள் எத்தனை ஆச்சரியங்கள் அடங்கிக் கிடக்கின்றன என்று யாராவது சொன்னார்களா? ஆறு மாதப் பகல் என்பது இந்தப் பூமியில் இரண்டே இரண்டு புள்ளிகளில்தான் என்பது தெரியுமா? அந்த இரண்டு புள்ளிகளிலும்கூட அது சரிபாதி கிடையாது என்பது தெரியுமா? உலகத்தில் யாருக்குமே அந்தப் புள்ளிகள் சொந்த ஊர் இல்லை. மக்கள் குடும்பம் குட்டியோடு வாழும் துருவ ஊர்களில் கணக்கே வேறு. ஊருக்கு ஊர் வேறு. அந்தக் கணக்கைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். யாழ்ப்பாணத்தில் அதைவிடவும் குறைவு. பூமத்திய ரேகையிலிருந்து விலகிப் போகப் போக இந்த வித்தியாசம் விரிகிறது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்மானத்தோடேயே அது சூரியனைச் சுற்றுவதால், ஆண்டில் ஒரு பாதி வட துருவம் சூரியனை நோக்கியும் மறு பாதி விலகியும் இருக்கிறது. அட்சரேகை ஏறத்தாழ 66.5 பாகையைத் தாண்டிவிட்டால், கோடையில் ஒரு நாளாவது சூரியன் மறையாது. அந்தக் கோடுதான் ஆர்க்டிக் வட்டம்.

அந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது, தெரியுமா? அச்சின் சாய்வு மிக மெதுவாகக் குறைந்துவருவதால், ஆர்க்டிக் வட்டம் ஆண்டுக்குச் சுமார் 15 மீட்டர் வடக்கே போகிறது. ஐஸ்லாந்தில் கிரிம்ஸி என்றொரு குட்டித் தீவு. அந்த நாட்டில் ஆர்க்டிக் வட்டம் தொடும் நிலம் அது ஒன்றுதான். 2017ல் அங்கே 3 மீட்டர் குறுக்களவுள்ள, டன் கணக்கில் எடையுள்ள ஒரு கான்கிரீட் உருண்டையை வட்டத்தின் மேல் வைத்தார்கள். கோடு நகர நகர, உருண்டையையும் நகர்த்துகிறார்கள். இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆர்க்டிக் வட்டம் அந்தத் தீவைவிட்டே கடலுக்குள் போய்விடும்!

இப்போது ஊர்களுக்கு வருவோம். அலாஸ்காவின் வட முனையில் உட்கியாக்விக். பழைய வரைபடங்களில் இதன் பெயர் பாரோ. நவம்பர் 18 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 22 அல்லது 23ல்தான் மறுபடி தலைகாட்டும். 65 நாள் சூரியனே இல்லை. திரும்பி வரும் முதல் நாளாவது நின்று முகம் காட்டுமா என்றால் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். ஆனால் மே 11 வாக்கில் எழுகிற சூரியன் ஆகஸ்ட் தொடக்கம் வரை, எண்பது நாளுக்கு மேல், மறைவதே இல்லை.

இன்னும் வடக்கே போங்கள். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 78 பாகை வட அட்சரேகையில், லாங்இயர்பியன். சுமார் 2,500 பேர் வாழும் ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பிறந்த ஊர். ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 23 வாக்கு வரை அங்கே சூரியன் மறையாது. அக்டோபர் 26 வாக்கிலிருந்து பிப்ரவரி நடு வரை எழாது. இந்த இரண்டுக்கும் இடையில் நடப்பதுதான் என்னை உலுக்கிய விஷயம். பிப்ரவரி நடுவில் பகலே இல்லாத ஊர், ஏப்ரல் 20ல் இரவே இல்லாத ஊராக மாறுகிறது. சுமார் 62 நாளில் பூஜ்ஜியத்திலிருந்து 24 மணி நேரம்! வகுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு நாளும் பகல் சராசரியாக 23 நிமிடம் நீள்கிறது. ஒரு வாரம் வெளியூர் போய்விட்டுத் திரும்பினால் பகல் இரண்டரை மணி நேரம் வளர்ந்திருக்கும். நமக்கோ ஒரு நாளில் ஒரு நிமிடம்கூட மாறுவதில்லை.

அந்த ஊரில் இன்னொரு வேடிக்கை. பிப்ரவரி நடுவிலேயே சூரியன் அடிவானத்துக்கு மேலே வந்துவிட்டாலும் ஊருக்குள் வெயில் விழாது. சுற்றிலும் மலை. மார்ச் 8ம் தேதிதான் முதல் கதிர் ஊரைத் தொடும். எங்கே தொடும் என்பதுகூட ஊருக்கே தெரியும்: பழைய மருத்துவமனை இருந்த இடத்தின் படிக்கட்டு. மருத்துவமனை போய்விட்டது, படிக்கட்டை மட்டும் வைத்திருக்கிறார்கள். அன்று பிள்ளைகள் முகத்தில் மஞ்சள் வண்ணம் பூசிக்கொண்டு வர, ஊரே அங்கே கூடி, சூரியனைக் கூப்பிட்டுக் கத்துகிறது. அந்த வாரம் முழுவதும் சூரியத் திருவிழா.

மலை மறைப்பதால் வெயில் இழக்கும் ஊருக்கு உச்ச உதாரணம் தெற்கு நார்வேயின் ரியூக்கன். ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு தெற்கே இருக்கிறது. ஆனாலும் ஆழமான பள்ளத்தாக்கு என்பதால் செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை ஊருக்குள் நேர் வெயில் கிடையாது. 1928ல் அங்கிருந்த தொழிற்சாலை நிறுவனம், தொழிலாளர்கள் மேலே போய் வெயில் காய்ந்து வரட்டும் என்று மலைமேல் கம்பிவடத் தொட்டி வண்டியே கட்டிக் கொடுத்தது. 2013 அக்டோபரில் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். ஊருக்கு 450 மீட்டர் உயரத்தில், மலைமேல், ஒவ்வொன்றும் 17 சதுர மீட்டர் அளவுள்ள மூன்று கண்ணாடிகளை நிறுத்தினார்கள். கணினி அவற்றைச் சூரியனோடு சேர்த்துத் திருப்பும். பிரதிபலித்த வெயில் ஊர்ச் சதுக்கத்தில் வந்து விழும். இந்த யோசனை முதலில் எழுந்தது எப்போது தெரியுமா? 1913ல்! நூறு ஆண்டு காத்திருந்து வெயிலைக் கீழே இறக்கியிருக்கிறார்கள்.

வடக்கு நார்வேயின் ட்ரோம்சோ நகரத்தைச் சொல்லாமல் எப்படி? நவம்பர் 27 வாக்கில் போகும் சூரியன், வானியல் கணக்குப்படி ஜனவரி 15 வாக்கில் திரும்பி வருகிறது. தேதியைக் கவனித்தீர்களா? நம் தைப்பொங்கல்! அங்கேயும் மலைகள் குறுக்கே நிற்பதால் ஊர்க்காரர்கள் ஜனவரி 21ல்தான் சூரிய நாள் கொண்டாடுகிறார்கள். அதற்கென்றே விற்கும் இனிப்புப் பன் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு தெற்கு வானத்தைப் பார்த்து நிற்கிறார்கள்.

இங்கே தமிழர்களுக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. இலங்கைப் போரில் புலம்பெயர்ந்து நார்வே போன தமிழர்கள் பலர், 1980களிலும் 90களிலும், ட்ரோம்சோவுக்கும் வடகிழக்கே ஃபின்மார்க் கரையோரத்து மீன்பிடி ஊர்களில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தார்கள். போட்ஸ்ஃபியூர் அதில் ஒன்று. 70 பாகைக்கும் வடக்கே உள்ள அந்த ஊரில் சூரியன் மறுபடி எழ ஜனவரி 20 வாக்கு ஆகிவிடும். அதாவது தை முதல் நாளில் அங்கே சூரியனே கிடையாது! சூரியனுக்கென்று பொங்கும் பொங்கலைச் சூரியன் இல்லாத வானத்தின் கீழ் பொங்கவேண்டிய நிலம் அது. வருஷம் முழுக்க வெயில் காயும் யாழ்ப்பாணத்துக் கரையிலிருந்து போனவர்களுக்கு அந்த இரண்டு மாதம் எப்படி இருந்திருக்கும்! நார்வேத் தமிழர் வரலாற்றில் இந்தப் பக்கம் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை.

சூரியனை வரவேற்பதில் கனடாவின் இக்லூலிக் பகுதி இன்யூட் மக்களின் மரபு தனி அழகு. எண்ணெய் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரே சுடரிலிருந்து மறுபடி ஏற்றுவார்கள். திரும்பி வந்த சூரியனைப் பார்த்துப் பிள்ளைகள் பாதி முகத்தால் மட்டும் சிரிப்பார்கள். வெளிச்சம் வந்துவிட்டது என்று ஒரு பாதி, குளிர் இன்னும் போகவில்லை என்று மறு பாதி! இலையுதிர் காலத்தில் சூரியன் தெற்கே நழுவும்போது விரல்களில் நூலைக் கோத்து விளையாடுவதும் உண்டு. சூரியனின் கால் அந்த நூலில் சிக்கி நின்றுவிடாதா என்ற ஆசைதான்.

சரி, சூரியன் இல்லாத அந்த மாதங்கள் முழுக்க மை இருட்டா? இல்லவே இல்லை! எல்லோரும் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். சூரியன் அடிவானத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் வானத்தில் அந்தி ஒளி பரவும். ட்ரோம்சோவில் நடுக் குளிர்காலத்திலும் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் வெளியே நடமாடும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். அதன் நிறம் ஆழ்ந்த நீலம். அந்த நீலத்துக்கு ஓசோன் படலமும் ஒரு காரணம் தெரியுமா? அந்தி நேரத்தில் கதிர்கள் காற்றுக்குள் நெடுந்தூரம் சாய்வாக வருவதால், வழியில் ஓசோன் ஆரஞ்சு ஒளியைக் கணிசமாக உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சுவது நீலம். பனியும் அதே நீலத்தைத் திருப்பிக் காட்ட, ஊரே நீலமாகிவிடும். லாங்இயர்பியனில்தான் உண்மையான இருட்டு. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை, நண்பகல் பன்னிரண்டு மணிக்கே வானத்தில் நட்சத்திரம் பார்க்கலாம்.

அதோடு நிலா! குளிர்காலத்துப் பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிரே, வானத்தில் உயரத்தில் நிற்கும். அதனால் துருவ இரவில் பௌர்ணமியை ஒட்டி நிலா பல நாள் மறையாமலேயே சுற்றிச் சுற்றி வரும். துருவப் புள்ளியில் நின்றால் ஏறத்தாழ இரண்டு வாரம் நிலா தொடர்ந்து மேலே, இரண்டு வாரம் தொடர்ந்து கீழே.

இல்லாத சூரியனைப் பார்த்தவர்கள் கதை தெரியுமா? 1596ல் டச்சு மாலுமி வில்லெம் பேரெண்ட்ஸும் அவர் கூட்டாளிகளும் சீனாவுக்கு வடகிழக்குக் கடல்வழி தேடிப் போய், நோவாயா செம்ல்யா தீவில் பனியில் சிக்கிக்கொண்டார்கள். கரையொதுங்கிய மரத்தாலும் கப்பல் பலகையாலும் வீடு கட்டி, 76 பாகை அட்சரேகையில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1597 ஜனவரி 24ம் தேதி அவர்களில் கெர்ரிட் டி வேர் அடிவானத்தில் சூரியனின் விளிம்பைப் பார்த்தார். கணக்குப்படி சூரியன் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது! ஊருக்குத் திரும்பிச் சொன்னபோது அறிஞர்கள் பலர் நம்பவில்லை. தேதியைத் தவறவிட்டிருப்பார்கள் என்றார்கள். ஆனால் அவர் கண்டது உண்மைதான். தரையை ஒட்டிக் கடும் குளிர்காற்று, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று என்று அடுக்கு அமையும்போது, ஒளி அந்த அடுக்குக்குள் சிக்கிப் பூமியின் வளைவை ஒட்டியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வளைந்து வரும். அடிவானத்துக்கு 5 பாகை கீழே கிடந்த சூரியன் அப்படித்தான் மேலே தெரிந்தது. இன்றைக்கு அறிவியல் அதை 'நோவாயா செம்ல்யா விளைவு' என்றே அழைக்கிறது. பேரெண்ட்ஸ் அந்தக் கோடையிலேயே ஊர் திரும்பும் வழியில் இறந்துபோனார்.

இனி தென் துருவம்! அமெரிக்காவின் அமுண்ட்சன்-ஸ்காட் ஆய்வு நிலையம் அந்தப் புள்ளியிலேயே இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு ஒரே ஒரு விடியல், ஒரே ஒரு அஸ்தமனம். செப்டம்பரில் விடியும், மார்ச்சில் அடையும். சூரியன் ஏறுவதும் நேராக ஏறாது. தேர் நான்கு வீதியும் சுற்றி வருவதுபோல அடிவானத்தைச் சுற்றியபடியே கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். முதல் விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் வெளிவர 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருட்டும் அப்படித்தான், தவணை தவணையாக வரும். மார்ச்சில் சூரியன் போன பிறகும் வாரக்கணக்கில் அந்தி. மே நடுவில்தான் முழு இருட்டு. ஆகஸ்ட் பிறந்ததும் மறுபடி லேசான வெளுப்பு. ஆறு மாத இரவில் முற்றிலும் இருண்ட காலம் மூன்று மாதம்கூட இல்லை!

'சரிபாதி கிடையாது' என்று முதலில் சொன்னேன் அல்லவா? வட துருவத்தில் சூரியன் தெரியும் காலம் சுமார் 190 நாள். தென் துருவத்தில் சுமார் 183 நாள். பூமி ஜூலையில் சூரியனிலிருந்து தொலைவில் இருப்பதால் மெதுவாக நகர்கிறது. அதனால் வட கோளத்தின் கோடைப் பாதி ஒரு வாரம் நீளம். அதோடு காற்று ஒளியை வளைப்பதால், அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்ட சூரியனும் இரண்டு துருவத்திலும் இன்னும் சில நாள் தெரிந்துகொண்டிருக்கும். ஆகவே ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், வட துருவத்தில் இரவைவிடப் பகலே அதிகம்.

துருவத்தில் அரை ஆண்டு பகல் என்பதை எந்தத் துருவத்தையும் பார்க்காமலேயே கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள் என்பது தெரியுமா? 499ம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட ஆர்யபட்டீயத்தில், மேருவில் இருக்கும் தேவர்கள் ஒருமுறை எழுந்த சூரியனை அரை ஆண்டு தொடர்ந்து காண்கிறார்கள் என்று ஆர்யபட்டர் சொல்கிறார். மேரு என்று அவர் குறிப்பது வட துருவத்தை. சூரிய சித்தாந்தமும், சூரியன் மேஷத்தில் நுழையும்போது தேவர்களின் பகல் தொடங்குகிறது என்கிறது. பூமி உருண்டை என்று தெரிந்து, வானத்தின் வடிவியலும் கையில் இருந்தால் போதும், பனிக்கட்டியில் கால் வைக்காமலேயே இந்த முடிவுக்கு வரலாம். 1,500 ஆண்டுக்கு முன் வந்திருக்கிறார்கள்! தேவர்களுக்கு ஒரு நாள் என்றால் நமக்கு ஓராண்டு என்று பாட்டி சொன்ன கணக்கு துருவத்தில் அப்படியே பொருந்துகிறது.

கணக்கு இருக்கட்டும். தென் கோடியின் அந்த நீண்ட இரவுக்குள் மனிதன் முதலில் மாட்டிக்கொண்டபோது நடந்தது பயங்கரம். 1898ல் பெல்ஜியத்தின் 'பெல்ஜிக்கா' கப்பல் அண்டார்டிகக் கடற்பனியில் உறைந்து நின்றுவிட்டது. அண்டார்டிக வட்டத்துக்குள் ஒரு முழுக் குளிர்காலத்தைக் கழித்த முதல் மனிதர்கள் அவர்கள்தான். மே 17ல் போன சூரியன் சுமார் 70 நாள் வரவில்லை. இதயம் பலவீனமான எமில் டான்கோ ஜூன் 5ல் இறந்தார். மற்றவர்களுக்கு ஸ்கர்வி நோய், கால் வீக்கம், தூக்கமின்மை, சித்தப் பேதலிப்பு. கப்பல் மருத்துவர் ஃபிரெடரிக் குக் இரண்டு வைத்தியம் செய்தார். ஒன்று, பென்குயின், கடல்நாய் இறைச்சியை அதிகம் வேகவைக்காமல் சாப்பிடக் கட்டாயப்படுத்தினார். தலைவர் டி கெர்லாஷுக்கு அந்த இறைச்சி பிடிக்கவே பிடிக்காது. கடைசியில் அவரும் சாப்பிட்டுப் பிழைத்தார். அதில் இருந்த வைட்டமின் சி அவர்களைக் காப்பாற்றியது என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. இரண்டாவது வைத்தியம்தான் ஆச்சரியம்: நோயாளிகளை உடை களைந்து, எரியும் அடுப்பின் வெளிச்சத்துக்கு முன் தினமும் நிறுத்தினார். வெளிச்சமே மருந்து! குளிர்கால மனச்சோர்வை ஒரு நோயாக வரையறுத்து மருத்துவ உலகம் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது 1984ல். குக் செய்தது அதற்கு 86 ஆண்டு முன்பு. பிற்காலத்தில் சோவியத் ரஷ்யாவின் வடக்கு ஊர்களில், முர்மான்ஸ்க் போன்ற இடங்களில், குழந்தைகளைக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, புற ஊதா விளக்கைச் சுற்றி நிறுத்திவைக்கும் பழக்கமே இருந்தது. பெல்ஜிக்காவில் குக்கோடு தோளோடு தோள் நின்ற இளைஞர் யார் தெரியுமா? ரோல்ட் அமுண்ட்சன். 1911 டிசம்பர் 14ல் தென் துருவத்தை முதலில் தொட்டவர்!

இன்றைக்குத் தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனாலும் தென் துருவ இரவு இன்னும் தனிமைதான். பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் போனால் அடுத்தது வர அக்டோபர் கடைசியாகும். 1999ல் அந்த நிலையத்தின் ஒரே மருத்துவர் ஜெர்ரி நீல்சன் தன் மார்பில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார். மருத்துவம் தெரியாத சக ஊழியர்களைப் பழக்கி, தன் உடம்பிலிருந்து தானே திசு எடுத்தார். ஜூலையில், நடு இருட்டில், அமெரிக்க விமானப்படை விமானம் மேலே பறந்தபடியே மருந்துப் பொதிகளை வீச, கீழே இருந்தவர்கள் பனியில் நெருப்பு மூட்டி இடம் காட்டினார்கள். அந்த மருந்தைத் தனக்குத்தானே செலுத்திக்கொண்டு அக்டோபர் 16 வரை தாக்குப்பிடித்தார். அன்றுதான் விமானம் இறங்கி அவரை அழைத்துப் போனது. அதற்குப் பிறகு பத்து ஆண்டு வாழ்ந்தார்.

நம் நாட்டு விஞ்ஞானிகளும் அந்த இரவில் வேலை பார்க்கிறார்கள். அண்டார்டிகாவில் 1989ல் மைத்ரி, 2012ல் பாரதி ஆய்வு நிலையங்கள் வந்தன. மைத்ரியில் மே கடைசியிலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் தாண்டும்வரை, சுமார் இரண்டு மாதம் சூரியன் கிடையாது. ஜூன் 21, குளிர்கால நடுநாள், அந்தக் கண்டம் முழுவதற்கும் திருவிழா. எந்த நாட்டு நிலையமானாலும் ஒருவருக்கொருவர் வாழ்த்து அனுப்பிக்கொள்வார்கள். வடக்கே ஸ்வால்பார்டில் 2008லிருந்து இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது. கோடையில் மட்டும் இயங்கிவந்த அந்த நிலையத்துக்கு, 2023 டிசம்பரில்தான் இந்தியா தன் முதல் குளிர்கால ஆய்வுக் குழுவை அனுப்பியது.

மனிதர்களை விடுங்கள், விலங்குகள்! பனிமான் குளிர்காலத்தில் கண்ணின் நிறத்தையே மாற்றிக்கொள்ளும், தெரியுமா? விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் கோடையில் பொன்னிறம், குளிர்காலத்தில் ஆழ்ந்த நீலம். நீலமாக மாறும்போது மங்கிய வெளிச்சத்தை உணரும் திறன் பல மடங்கு கூடுகிறது. 2013ல் வெளிவந்த ஆய்வு இதைச் சொன்னது. ஆண் எம்பரர் பென்குயின் அண்டார்டிக இருட்டில், காலின் மேல் ஒற்றை முட்டையை வைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்து அடைகாக்கும். அந்த முட்டையைத் தேடித்தான் 1911 ஜூன் கடைசியில் தென் துருவப் பயணி ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த மூவர் கும்மிருட்டில் சறுக்குவண்டி இழுத்துப் போய், மைனஸ் 60 பாகைக் குளிரில் ஐந்து வாரம் அல்லாடி, மூன்றே மூன்று முட்டையோடு திரும்பினார்கள்.

இருட்டே வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு பறவையும் உண்டு! ஆர்க்டிக் ஆலா. எடை சுமார் 100 கிராம். வட துருவக் கோடை முடிந்ததும் கிளம்பி, தென் துருவக் கோடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 70,000 கிலோமீட்டர். பூமியில் மிக அதிகப் பகல் வெளிச்சத்தைக் காணும் உயிர் இதுதான். 30 ஆண்டு வாழ்ந்தால், நிலவுக்கு ஏறத்தாழ மூன்று தடவை போய்த் திரும்பும் தூரம்!

எல்லாவற்றையும்விட என்னை ஆட்டிவைத்தது கடலுக்குள் இருக்கும் ஒரு செய்தி. பனி மூடிய ஆர்க்டிக் கடலில், சூரியனே இல்லாத மாதங்களில், உயிர்கள் உறங்கிக் கிடக்கும் என்றுதான் விஞ்ஞானிகள் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை! கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மிதவை உயிரிகள் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கின்றன. எதை வைத்துத் தெரியுமா? நிலாவை வைத்து. சாதாரணமாக 24 மணி நேரச் சூரியக் கணக்கில் நடக்கும் இந்தப் பயணம், துருவ இரவில் 24.8 மணி நேர நிலாக் கணக்குக்கு மாறிவிடுகிறது. நிலா எழும்போது, தங்களைத் தின்னும் மீன்களுக்கு அஞ்சி ஆழத்துக்கு இறங்குகின்றன. 2016ல் இது வெளியானது. 2020ல் வந்த இன்னொரு ஆய்வு, ஒரு கப்பலின் சாதாரண வேலை விளக்கு வெளிச்சமே 200 மீட்டர் ஆழம் வரை இந்த உயிர்களைக் கலைத்துவிடுகிறது என்று காட்டியது. யோசித்துப் பாருங்கள்! கடற்பனி குறையக் குறைய அங்கே கப்பல்கள் பெருகுகின்றன. இருட்டும் ஒரு வாழிடம், அதையும் காக்க வேண்டும் என்பதை இனிமேலாவது நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓசோன் ஓட்டைக்கும் துருவ இரவுக்கும் உறவு உண்டு. மாதக்கணக்கான இருட்டில் அண்டார்டிகாவின் மேல்வானம் மைனஸ் 78 பாகைக்கும் கீழே குளிர்ந்து, அங்கே ஒருவகை மேகம் உருவாகிறது. நாம் குளிர்சாதனப் பெட்டிகளிலிருந்தும் தெளிப்பான்களிலிருந்தும் அனுப்பிய குளோரின் அந்த மேகத் துகள்களின் மேல்தான் தீவிர வடிவுக்கு மாறுகிறது. செப்டம்பரில் சூரியன் திரும்பி வந்ததும் ஓசோனைத் தின்ன ஆரம்பிக்கிறது! உலகெங்கும் மனிதர்கள் விட்ட நச்சு, யாருமே வாழாத கண்டத்தின் மேல் ஓட்டை போட்டதற்கு இதுதான் காரணம். 1985ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவர் அந்த ஓட்டையை அறிவித்தார்கள். 1987ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஓட்டை மெல்ல ஆறிவருகிறது.

இப்போது வெளிச்சப் பக்கம். ஜூன் 21ல், காற்றுமண்டலத்தின் உச்சியில், ஒரு நாள் முழுவதிலும் பூமத்திய ரேகைக்குக் கிடைப்பதைவிட வட துருவத்துக்குக் கிடைக்கும் சூரிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம்! சூரியன் தாழ்வாக இருந்தாலும் 24 மணி நேரமும் அடிக்கிறதே. பெரும்பகுதியைப் பனி திருப்பி அனுப்பிவிடுவதால் அங்கே சூடு ஏறுவதில்லை. ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கேகூட இந்த வெளிச்சம் வேலை செய்கிறது: அலாஸ்காவின் பால்மர் சந்தைப் போட்டியில் 2012ல் ஒரே ஒரு முட்டைக்கோஸ் 62.7 கிலோ எடை நின்றது. அதே மாநிலத்தின் ஃபேர்பேங்க்ஸில் 1906லிருந்து ஆண்டுதோறும் ஜூன் 21 இரவு பத்து மணியை ஒட்டி பேஸ்பால் ஆட்டம் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி நடக்கிறது. மின்விளக்கு போடுவதில்லை!

சூரியன் மறையாத ஊரில் ரம்ஜான் நோன்பை எப்போது திறப்பது? ட்ரோம்சோவில் முஸ்லிம்களும் பள்ளிவாசலும் உண்டு. அங்கே மெக்காவின் நேரத்தையோ, பகலும் இரவும் ஒழுங்காக வரும் வேறொரு ஊரின் நேரத்தையோ பின்பற்றலாம் என்று மார்க்க அறிஞர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு பொய்யையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ட்ரோம்சோ அருகே உள்ள சொம்மாரோய் தீவில் கடிகாரத்தையே ஒழித்துவிட்டார்கள், பாலத்தில் எல்லோரும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று 2019 ஜூனில் உலகமெங்கும் செய்தி பரவியது. அது சுற்றுலாவுக்காகத் திட்டமிட்டு நடத்திய விளம்பரம் என்று அதே மாதம் நார்வே ஊடகங்கள் வெளிப்படுத்திவிட்டன. அந்தச் செய்தி இன்னும் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வந்தால் அனுப்பியவரிடம் சொல்லுங்கள்.

இதையெல்லாம் நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நள்ளிரவுச் சூரியனையும், பச்சையாக நெளியும் துருவ ஒளியையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. வானம் இருண்டால்தான் துருவ ஒளி கண்ணுக்குத் தெரியும், கோடையில் அங்கே வானம் இருள்வதே இல்லை. ட்ரோம்சோவில் நள்ளிரவுச் சூரியன் வேண்டுமென்றால் மே கடைசியிலிருந்து ஜூலை நடுவுக்குள் போங்கள். தூங்கும்போது கண்ணில் கட்டிக்கொள்ளக் கறுப்புத் துணி எடுத்துப் போங்கள். துருவ ஒளி வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை போங்கள், கூடவே தடித்த கம்பளி உடையும் பொறுமையும் வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும் முன் போகிற ஊரின் அட்சரேகையை மட்டும் மறக்காமல் பார்த்துவிடுங்கள்.